டைபாய்டு தடுப்பூசி சர்க்கரை: எடை சரி, சுத்தம் சரி, ஆனா பேட்ச் ஏன் ஃபெயில்?

கொள்ளிடம்

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி மைக்ரோபயாலஜி முடிச்சுட்டு ஒரு தடுப்பூசி கம்பெனி கியூசி-ல (தரம் பாக்கற செக்‌ஷன்) சேர்ந்து நாலு மாசம் ஆகுது, கம்பெனி பேர் வேண்டாம். எங்க செக்‌ஷன்ல டைபாய்டு கிருமி மேல போர்வை மாதிரி இருக்கற விஐ பாலிசாக்கரைடு, அதாவது நீளமான சர்க்கரைச் சங்கிலி, அதை டெஸ்ட் பண்றோம். போன வாரம் ஒரு பேட்ச் வந்துச்சு, புரோட்டீன் கம்மி, டிஎன்ஏ கம்மி, எண்டோடாக்ஸின் (கிருமியோட நச்சு) லிமிட்டுக்குள்ள, மாலிகுலர் சைஸ் கூட பாஸ். சங்கிலில தொங்கற ஓ-அசிட்டைல் குரூப் மட்டும் ஒரு கிராமுக்கு 1.6 மில்லிமோல். 2-க்கு மேல இருக்கணும். அவ்ளோதான், மொத்தத்தையும் தூக்கி ஓரமா வச்சுட்டாங்க.

நான் சீனியர்கிட்ட கேட்டேன், ஒரு டோஸ்க்கு 25 மைக்ரோகிராம் போடணும், இதுலயும் அதே 25 போடலாமே, சர்க்கரை சர்க்கரைதானே சார்னு. அவர் வேலை அவசரத்துல "போய்ப் படி தம்பி"ன்னுட்டார். படிச்சேன், லிமிட் என்னன்னு இருக்கு, ஏன்னு எங்கயும் நேரா இல்ல. யாராவது விளக்குங்க ப்ளீஸ். ராத்திரி தூக்கம் வரல, அவ்ளோ பேர் உழைப்பு அந்த டப்பால கெடக்கு.

பாலிமர்பாண்டி

நான் தடுப்பூசி ஆள் இல்ல, பாலிமர் ஆள். ஆனா "சர்க்கரை சர்க்கரைதானே"ங்கறதுக்கு மட்டும் ஒரு பதில் சொல்றேன். ஒரே எடை நூலை ரெண்டு விதமா வச்சுக்கலாம், ஒரு முழு நூல்கண்டாவும் வச்சுக்கலாம், கத்தரியால துண்டுதுண்டா வெட்டின தூளாவும் வச்சுக்கலாம். தராசுல ரெண்டும் ஒண்ணுதான். தூளை வச்சு ஒரு பட்டனாவது தைக்க முடியுமா?

ஜெல்குழாய்

கொள்ளிடம் தம்பி, நல்ல கேள்வி. நான் 14 வருஷமா பியூரிஃபிகேஷன்ல இருக்கேன், பெரிய பதிலா வரும், பொறுமையா படிங்க.

முதல்ல நீளம். உங்க விஐ ஒரு 10 லட்சம் டால்டன்னு (மாலிகியூல் எடை அளவு) வச்சுக்குவோம். ஒரு சர்க்கரை யூனிட் உப்போட சேர்த்து 280 சொச்சம், அப்ப சங்கிலில சுமார் 3500 மணி. ஒரு மணிக்கு அரை நானோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவா நீளம் போட்டீங்கன்னா நேரா இழுத்துப் புடிச்சா ஒன்றரை மைக்ரான் வரும். டைபாய்டு கிருமியோட மொத்த உடம்பே ரெண்டு மூணு மைக்ரான்தான்! கிருமி நீளத்துல பாதிக்கு ஒரே ஒரு மாலிகியூல். இத யோசிச்சா எனக்கு இன்னைக்கும் மலைப்பா இருக்கும்.

இப்ப இது உடம்புக்குள்ள போய் என்ன பண்ணுது? வெறும் பாலிசாக்கரைடுக்கு டி-செல் (மத்த எதிர்ப்பு செல்லுக்கு உதவற செல்) உதவி கெடைக்காது, ஆன்டிபாடி பண்ற பி-செல்லை அதுவே நேரா எழுப்பணும். பி-செல் மேல இருக்கற ரிசெப்டார் பலதை ஒரே நேரத்துல புடிச்சு இழுத்தாதான் அது முழிக்கும். நீளமான சங்கிலில ஒரே டிசைன் ஆயிரக்கணக்குல திரும்பத் திரும்ப வருது, அதனால ஒரே சங்கிலி பல ரிசெப்டாரைச் சேர்த்துக் கட்டும். துண்டா இருந்தா ஒண்ணு ரெண்டைத் தொட்டுட்டுப் போயிடும், பி-செல் கண்டுக்காது.

இது வெறும் தியரி இல்ல, மெனிஞ்சைட்டிஸ் வரலாற்றுல பட்டு அனுபவிச்சது. 1940கள்ல எல்வின் காபட் குழு ஏ வகை மெனிங்கோகாக்கஸ் சர்க்கரையைப் பிரிச்சு ஆளுங்களுக்குப் போட்டுப் பாத்தாங்க, பெருசா ஆன்டிபாடி வரல. எல்லாரும் இது உதவாதுன்னு விட்டுட்டாங்க. 1960கள் கடைசில அமெரிக்க ராணுவத்தோட வால்டர் ரீட் ஆராய்ச்சி நிலையத்துல எமில் கோட்ஷ்லிக் அதே சர்க்கரையை வேற மாதிரி எடுத்தார். செட்டாவ்லான்னு ஒரு பாசிட்டிவ் சார்ஜ் டிடர்ஜென்ட், அதை கல்ச்சர் திரவத்துல ஊத்தினா நெகட்டிவ் சார்ஜ் இருக்கற சர்க்கரை அதோட ஒட்டிக்கிட்டு வெள்ளையா கீழ எறங்கிடும். மென்மையான வேலை, சங்கிலி உடையல, 100 கிலோடால்டனுக்கு மேல வந்துச்சு. ஆளுங்களுக்குப் போட்டா அருமையா ஆன்டிபாடி. பழைய ஆளுங்க எடுத்தது 50-க்கும் கீழ நொறுங்கிப்போன சரக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. சர்க்கரை அதே சர்க்கரை தம்பி, நீளம் மட்டும்தான் வேற. இருபது வருஷத்துக்கு மேல போச்சு அதுல.

அதனாலதான் நீங்க ஜெல் நிரப்பின குழாய்ல விட்டு சைஸ் பாக்கறீங்க. பெருசு ஜெல் பொந்துக்குள்ள நுழைய முடியாம முன்னாடியே வெளிய வந்துடும், சின்னது பொந்துபொந்தா பூந்து சாவகாசமா வரும். எவ்ளோ தாமதமா வருதுங்கற அளவுதான் கேடி. விஐ-க்கு பாதிக்குமேல கேடி 0.25-க்கு முன்னாடி வந்துடணும்னு விதி.

ஓ-அசிட்டைல் பத்தி சாயந்திரம் எழுதறேன், இப்ப ஷிஃப்ட்.

கொள்ளிடம்

அண்ணா மிக்க நன்றி. கேடி 0.25 கேடி 0.25-னு தெனமும் எழுதறேன், அதுக்குப் பின்னாடி இவ்ளோ கதை இருக்கும்னு தெரியாது.

கிராமசெவிலி

நானும் இங்க கேட்டுக்கறேன் சார். நான் 19 வருஷமா ஊர்ஊரா ஊசி போடற வேலைல இருக்கேன். 2011 டிசம்பர்ல அஞ்சு நோய்க்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான் நாட்டுலயே முதல்ல வந்துச்சு, அன்னைலேர்ந்து போடறேன். அது திரவமா வருது, குலுக்கிட்டுப் போடறோம். அதுல இருக்கற ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா பி கிருமிக்கான பகுதி) கூட இந்த மாதிரி சர்க்கரைன்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க. ஆனா சில தடுப்பூசி ஏன் பொடியா, தனியா தண்ணியோட வருது? கலக்கறது எங்களுக்கு ஒரு வேலை அதிகம், தப்பான தண்ணி கலந்துடக் கூடாதுன்னு பயம் வேற. எல்லாத்தையும் திரவமாவே குடுத்தா என்ன?

பாலிமர்பாண்டி

மேடம் உங்க கேள்விக்கு கெமிஸ்ட்ரி பக்கம் நான் சொல்றேன், தப்புன்னா ஜெல்குழாய் சார் திருத்துவார். ஹிப் சர்க்கரையோட முழுப்பேர் பாலிரைபோசில்ரிபிட்டால் பாஸ்பேட், பிஆர்பி. மணிக்கும் மணிக்கும் நடுவுல பாஸ்பேட் கொக்கி. ஏ வகை மெனிங்கோகாக்கஸ்லயும் பாஸ்பேட் கொக்கிதான். இந்தக் கொக்கி தண்ணில மெதுவா கழண்டுக்கிட்டே இருக்கும், சூடு ஏற ஏற வேகமா கழலும். டைபாய்டு விஐ-ல அந்த பாஸ்பேட் கொக்கி கெடையாது, சர்க்கரைக்கும் சர்க்கரைக்கும் நேரடி இணைப்பு, அதனால திரவமாவே வருஷக்கணக்குல தாங்குது.

ஜெல்குழாய்

பாண்டி சொன்னது சரி. ஹிப்-ல இன்னொரு சங்கதி. அலுமினியம் ஹைட்ராக்சைடோட சேர்த்து வச்சா பிஆர்பி வேகமா உடையும், அலுமினியமே அந்தக் கொக்கியை வெட்டத் துணை போகுது. அதனால திரவ பென்டாவேலன்ட் பண்றவங்க அலுமினியம் பாஸ்பேட் பக்கம் போனாங்க, இல்லன்னா ஹிப்-பை மட்டும் பொடியா தனி குப்பில குடுத்தாங்க.

மெனிஞ்சைட்டிஸ் ஏ தான் நல்ல உதாரணம். மெனாஃப்ரிவாக்னு ஒரு தடுப்பூசி, நம்ம புனே சீரம் இன்ஸ்டிடியூட் பண்ணினது, ஆப்பிரிக்காவோட மெனிஞ்சைட்டிஸ் பெல்ட்டுக்காகவே. 2010 டிசம்பர்ல புர்கினா பாசோ, மாலி, நைஜர் மூணு நாட்டுல ஆரம்பிச்சாங்க, ஒரு டோஸ் அரை டாலருக்கும் கீழ. அது பொடிதான். பொடின்னா தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னா கொக்கி கழல வழி இல்ல. அந்த தைரியத்துலதான் 2012-ல அதை 40 டிகிரி வரைக்கும் நாலு நாள் ஐஸ் இல்லாம வச்சுக்கலாம்னு அனுமதி கெடைச்சுது. சஹாரா ஓரத்துல ஐஸ் பேக் தூக்கிட்டு நடக்கற செவிலிக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. கலக்கற வேலை ஒண்ணு கூடுச்சு, ஐஸ் தூக்கற வேலை ஒண்ணு கொறைஞ்சுது.

அதே சமயம் ஏ வகையை திரவமா விக்கறவங்களும் இருக்காங்க, மெனாக்ட்ரா, மென்குவாட்ஃபி ரெண்டும் திரவம். குளிர்ச்சி கெடாம வச்சா காலாவதி தேதி வரைக்கும் போதுமான அளவு நிக்கும். மென்வியோ முதல்ல வந்தப்போ ஏ மட்டும் பொடி, சி, டபிள்யூ, ஒய் மூணும் திரவம், கலந்து போடணும். யாருக்காக, எந்த ஊர் வெயிலுக்காகன்னு பாத்துத்தான் முடிவு.

கிராமசெவிலி

ரொம்ப நன்றி சார். 40 டிகிரி நாலு நாள்னு கேட்டதும் கண்ணு கலங்கிடுச்சு. சித்திரை மாசம் வேக்சின் கேரியர் தூக்கிட்டு மூணு கிலோமீட்டர் நடந்தவங்களுக்குத்தான் அது புரியும். இன்னொண்ணு, பென்டாவேலன்ட் உறைஞ்சா தூக்கிப் போடச் சொல்றாங்களே, அதுவும் இந்த சர்க்கரையாலயா?

ஜெல்குழாய்

இல்லம்மா, அது அலுமினியத்தால. உறைஞ்சா அலுமினியத் துகள் ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கும், திரும்பக் குலுக்கினாலும் பிரியாது, சீக்கிரமா அடில உக்காந்துடும். நீங்க பண்ற ஷேக் டெஸ்ட் அதைத்தான் காட்டுது.

தஞ்சைதாரா

நான் கான்ஜுகேட் பக்கம் வேலை பாக்கறேன். ஜெல்குழாய் அண்ணா மேல மரியாதை உண்டு, ஆனா நீளம் நீளம்னு சொல்றது இன்னைக்குப் பாதி உண்மைதான். குழந்தைங்களுக்கு வெறும் பாலிசாக்கரைடு போட்டா ரெண்டு வயசுக்குள்ள சரியா வேலை செய்யாது. அதனாலதான் புரோட்டீனோட கட்டிக் குடுக்கறோம், டெட்டனஸ் டாக்ஸாய்டு இல்லன்னா சிஆர்எம்197 (நச்சு போன டிப்தீரியா புரோட்டீன்). கட்டினப்புறம் டி-செல் உதவி வந்துடுது, நீளத்தை நம்பி இருக்க வேண்டியதில்ல. நாங்களே கட்டறதுக்கு முன்னாடி சங்கிலியை வெட்டித்தான் எடுக்கறோம். கியூபால விசென்டே வெரெஸ் பென்கோமோ குழு ஹிப் சர்க்கரையை கிருமியே இல்லாம கெமிஸ்ட்ரிலயே செஞ்சாங்க, 2004-ல சயன்ஸ் பத்திரிகைல வந்துச்சு, அது ரொம்பக் குட்டிச் சங்கிலிதான், குழந்தைங்களுக்கு நல்லா வேலை செஞ்சுது. அப்ப நீளம் எங்க போச்சு?

ஜெல்குழாய்

தாரா, சரியான இடத்துல புடிச்சீங்க, நான் சொன்னது வெறும் பாலிசாக்கரைடுக்குத்தான். ஆனா நீங்க ஏன் வெட்டறீங்க? முழு நீளத்தைக் கட்டப் போனா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க.

தஞ்சைதாரா

ஜெல் ஆயிடும். ஆமா, அதைச் சொல்லணும். முதல் வருஷம் ஒரு நிமோகாக்கஸ் (நிமோனியா கிருமி) டைப்ல முழு நீளச் சங்கிலியோட ரியாக்‌ஷன் போட்டு சாப்பிடப் போயிட்டு வந்தேன், பாத்திரத்தைச் சாய்ச்சா உள்ள இருக்கறது சாயல. பாதாம் பிசின் ராத்திரி ஊறினா எப்படி கெட்டியா நடுங்கிக்கிட்டு நிக்கும், அச்சு அசல் அப்படி. ஒரு சங்கிலில பல கொக்கி, ஒரு புரோட்டீன்லயும் பல கொக்கி, ஒண்ணை ஒண்ணு வலை மாதிரி பின்னிக்கிச்சு. ஃபில்டர்ல போகவே போகாது. அதுலேர்ந்து முதல்ல ஹை பிரஷர்ல சின்ன ஓட்டை வழியா தள்ளி சைஸ் கொறைச்சுட்டுத்தான் கட்டறது.

ஆசிட்ல வெட்டலாம்தான், ஆனா ஆசிட் எந்த இணைப்பு பலவீனமோ அதையே தேடிப் போய் வெட்டும், பக்கத்துல தொங்கற குரூப்பையும் சேர்த்துப் பிடுங்கலாம். பிரஷர் மாலிகியூலை இழுத்து நடுப்பக்கமா உடைக்கும், பெருசுதான் முதல்ல உடையும், அதனால சைஸ் ஓரளவு ஒரே மாதிரி வந்து நிக்கும். எனக்கு பிரஷர்தான் புடிக்கும்.

ஆனா இன்னும் சொல்றேன், குழந்தை தடுப்பூசில நீளத்தை விட எவ்ளோ சர்க்கரை கட்டாம சும்மா மெதக்குதுங்கறதுதான் முக்கியம். அந்த ஃப்ரீ சாக்கரைடு கூடிட்டா தடுப்பூசி கெட்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

ஜெல்குழாய்

அதுல உங்களோட முழு உடன்பாடு. நீளம் வேற வேஷத்துல திரும்ப வந்திருக்கு, அவ்ளோதான். முன்னாடி பி-செல்லுக்காகப் பாத்தோம், இப்ப ரியாக்‌ஷனுக்காகவும், கட்டினது அவுந்து போகுதான்னு கண்டுபுடிக்கவும் பாக்கறோம்.

குட்டிச் சங்கிலி எல்லா சர்க்கரைக்கும் ஒத்து வராதுங்கறதையும் சேர்த்துக்குங்க. பி வகை மெனிங்கோகாக்கஸோட சயாலிக் ஆசிட் சங்கிலி இருக்கே, அதுக்கு எதிரான ஆன்டிபாடி புடிக்கறதுக்கே குறைஞ்சது பத்து யூனிட் வேணும், ஏன்னா அது ஒரு சர்க்கரையைப் பாக்கல, சங்கிலி சுருண்டு நிக்கற வடிவத்தைப் பாக்குது. பி-யும் சி-யும் ஒரே சயாலிக் ஆசிட்தான். பி-ல 2-8 இணைப்பு, சி-ல 2-9. அந்த ஒரு எண் மாறினதுல சி வகைக்கு நல்ல தடுப்பூசி இருக்கு, பி வகை சர்க்கரையோ நம்ம நரம்பு செல் மேல இருக்கறதும் அதுவும் ஒண்ணு, உடம்பு அதை அந்நியமாவே பாக்கறதில்ல. அதனால பி-க்கு புரோட்டீன் வச்சுத்தான் தடுப்பூசி பண்ண வேண்டி வந்துச்சு.

பாலிமர்பாண்டி

இதைப் படிச்சுட்டு நிமோகாக்கஸ் 6ஏ, 6பி தேடிப் பாத்தேன். ராம்னோஸுக்கும் ரிபிட்டாலுக்கும் நடுவுல 6ஏ-ல 1-3 இணைப்பு, 6பி-ல 1-4, மத்ததெல்லாம் ஒண்ணு. 6ஏ சீக்கிரம் உடையும், 6பி நிக்கும். அதனால 1983-ல வந்த 23 வகை தடுப்பூசில 6பி-யைச் சேத்திருக்காங்க. அடடா.

ஜெல்குழாய்

இப்ப தம்பியோட மெயின் கேள்விக்கு வரேன், ஓ-அசிட்டைல்.

விஐ-யோட ஒவ்வொரு மணிலயும் மூணாவது கார்பன்ல ஒரு அசிட்டைல் குரூப் தொங்குது. மாடல் பண்ணிப் பாத்தவங்க சொல்றது என்னன்னா, அந்த அசிட்டைல்தான் சங்கிலியோட ரெண்டு பக்கமும் வெளிய துருத்திக்கிட்டு நிக்குது, கார்பாக்சில் உள்ள பதுங்கி இருக்கு. அப்ப ஆன்டிபாடி வந்து கை வைக்கற இடமே அசிட்டைல். அது உதிர்ந்துட்டா முகம் அழிஞ்ச சிலை மாதிரி. எடை இருக்கும், உயரம் இருக்கும், யார்னு அடையாளம் தெரியாது.

இதுக்கும் வரலாறு இருக்கு. 1934-ல ஃபெலிக்ஸும் பிட்டும் விஐ-யைக் கண்டுபுடிச்சாங்க. 1950கள்ல பிரிச்செடுத்த விஐ அமெரிக்காவுல தன்னார்வலர்களைக் காப்பாத்தல. பிரிச்செடுத்த முறை அவ்ளோ கடுமை, அசிட்டைல் உதிர்ந்து போச்சு. அப்புறம் வாங்கும் ஃபீலியும் செட்டாவ்லான் முறைல மென்மையா எடுத்தாங்க, அமெரிக்க அரசு மருத்துவ ஆராய்ச்சி நிலையமான என்ஐஹெச்-ல ஜான் ராபின்ஸ் குழு அதை முன்னெடுத்துச்சு, நேபாளத்துல சுமார் 7000 பேர்கிட்ட நடந்து 1987-ல வெளியான சோதனைல முக்கால்வாசி பாதுகாப்பு கெடைச்சுது.

இதைவிட எனக்குப் புடிச்ச சான்று ஒண்ணு. அதே என்ஐஹெச் குழு 1990கள்ல பழத்துல இருக்கற பெக்டினை எடுத்தாங்க. பெக்டின் தெரியுமில்ல, கொய்யா ஜெல்லியைக் கெட்டியாக்கறது அதுதான். அதோட முதுகெலும்பு விஐ மாதிரியே கேலக்டுரோனிக் ஆசிட் சங்கிலி, அசிட்டைல் மட்டும் சரியா இல்ல. கெமிஸ்ட்ரில அசிட்டைல் ஏத்திவிட்டாங்க. டைபாய்டு கிருமியையே பாக்காத அந்த பழ சர்க்கரையை விஐ ஆன்டிபாடி புடிச்சுக்கிச்சு!

உங்க 1.6-க்கு ஒரு கணக்கு. எல்லா மணிலயும் அசிட்டைல் இருந்தா ஒரு கிராமுக்கு மூணரை மில்லிமோல் வரணும். 2-ங்கறது பாதிக்கு மேல இருக்கணும்னு சொல்றது. 1.6-னா பாதிக்கும் மேல மொட்டை. உங்க சீனியர் பண்ணினது சரி. இந்த மாதிரி சர்க்கரைல எலிக்குப் போட்டு பவர் பாக்கறது நம்பகமா வராது தம்பி, சைஸும் அசிட்டைலும்தான் பவர் டெஸ்ட். உங்க மேஜைல அது தப்பிச்சா அதுக்கப்புறம் தடுக்க ஆள் இல்ல.

ஆனா சைஸ் பாஸ் ஆகி அசிட்டைல் மட்டும் ஃபெயில்னா எனக்கு ஒரு சந்தேகம். அசிட்டைலுக்கு எமன் காரம். எண்டோடாக்ஸின் எடுக்கற ஸ்டெப்புல சோடியம் ஹைட்ராக்சைடு சேக்கறாங்களா? சேர்த்தா, எங்க ஊத்தினாங்க, ஸ்டிர்ரர் என்ன வேகத்துல ஓடுச்சு, சர்க்கரை எவ்ளோ கெட்டியா இருந்துச்சு, உப்பு இருந்துச்சான்னு விசாரிங்க.

கொள்ளிடம்

அண்ணா உப்பு எதுக்கு?

பாலிமர்பாண்டி

இது என் ஏரியா. விஐ மணிக்கு ஒரு நெகட்டிவ் சார்ஜ். சுத்தமான தண்ணில அந்தச் சார்ஜெல்லாம் ஒண்ணை ஒண்ணு தள்ளும், சங்கிலி வெறைப்பா நீட்டிக்கிட்டு நிக்கும், ஒண்ணோட ஒண்ணு சிக்கும், கொழகொழன்னு ஆகும். உப்பு போட்டா சோடியம் வந்து சார்ஜை மறைச்சுடும், சங்கிலி தளர்ந்து சுருண்டுக்கும், விஸ்காசிட்டி பட்டுனு எறங்கும். நம்பலன்னா கொஞ்சம் மிச்ச சாம்பிள்ல பண்ணிப் பாருங்க.

கொள்ளிடம்

பண்ணிப் பாத்தேன்! ரிஜெக்ட் சாம்பிள்ல அஞ்சு மில்லி, தண்ணில கரைச்சது, பைப்பெட் நுனில எடுத்துத் தூக்கினா சொட்டு அறுந்து விழவே இல்ல, வெண்டைக்காய் நூல் மாதிரி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குச்சு. கெட்டியான உப்புத்தண்ணி நாலஞ்சு சொட்டு விட்டு மெதுவா ஆட்டினேன், கண்ணு முன்னாடியே எளகிடுச்சு, அப்புறம் எடுத்தா டப்டப்னு சொட்டு சொட்டா விழுது. பக்கத்து மேஜை அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவங்களும் ரெண்டு தடவை பண்ணிப் பாத்தாங்க. ப்ரொடக்‌ஷன்ல பேச சீனியர்கிட்ட அனுமதி கேட்டிருக்கேன்.

தஞ்சைதாரா

தம்பி, எடை போடறதையும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க. ஃப்ரீஸ் ட்ரை பண்ணின சர்க்கரை பஞ்சு மாதிரி இருக்கும், காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், தராசுல வச்சா நம்பர் நிக்காம ஏறிக்கிட்டே போகும். ஈரத்தைக் கழிக்காம கணக்குப் போட்டா ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிமோல்ங்கறது கம்மியாத்தான் காட்டும். மழைக்காலத்துல எங்களுக்கு இது நடந்திருக்கு.

கொள்ளிடம்

அக்கா, நீங்க சொன்னதும் அதைத்தான் முதல்ல பாத்தோம். ஈரம் கழிச்சும் 1.7 தான். அதனால பேட்ச் ஃபெயில் ஃபெயில்தான்.

கொள்ளிடம்

மூணு வாரம் கழிச்சு வரேன், தகவல் சொல்லாம விட மனசில்ல. ஜெல்குழாய் அண்ணா சந்தேகப்பட்டது அப்படியே. காரம் சேக்கற ஸ்டெப்புல சர்க்கரை வழக்கத்தை விட கெட்டியா இருந்திருக்கு, உப்பு அதுக்கு அடுத்த ஸ்டெப்லதான் போடறாங்க, சங்கிலி உடைஞ்சுடுமோன்னு ஸ்டிர்ரரை மெதுவா வச்சிருக்காங்க. கெட்டிக் காரம் ஊத்தின இடத்துலயே தங்கிடுச்சு, பிஹெச் மீட்டர் தொட்டியோட இன்னொரு ஓரத்துல இருந்து எல்லாம் சரின்னு காட்டிக்கிட்டே இருந்திருக்கு, அதைப் பாத்து இன்னும் கொஞ்சம் ஊத்தியிருக்காங்க. யாரும் அலட்சியமா இல்ல, நீளத்தைக் காப்பாத்தப் போய் அசிட்டைலை விட்டுட்டாங்க.

முறைப்படி அனுமதி வாங்கி ஒரு சின்ன ட்ரையல் போட்டாங்க, முதல்ல உப்பு, அப்புறம் நீர்த்த காரம், சொட்டு சொட்டா, ஸ்டிர்ரர் பக்கத்துல. நேத்து ராத்திரி ரிசல்ட் வந்துச்சு, 2.9. சைஸும் பாஸ். சீனியர் ரிப்போர்ட்ல "விசாரணை செய்தவர்" இடத்துல என் பேரையும் போடச் சொல்லிட்டார். ஜெல்குழாய் அண்ணா, இந்த ட்ரையல் சாம்பிளை ஆறு மாசம் 37 டிகிரில வச்சு அசிட்டைல் நிக்குதான்னு பாக்கப் போறோம், எந்தெந்த மாசம் எடுத்துப் பாக்கறது நல்லதுன்னு சொல்லுங்க.

ஜெல்குழாய்

சபாஷ் தம்பி. 1, 2, 3, 6 மாசம் எடுங்க. சைஸை விட்டுடாதீங்க, ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே குப்பிலேர்ந்து பாருங்க.

கிராமசெவிலி

தம்பி பேர் ரிப்போர்ட்ல வந்ததுக்கு சந்தோஷம். நாளைக்கு எங்களுக்கு தடுப்பூசி நாள், 31 குழந்தைங்க.